சில்லு மூக்கு: ரத்தம் நிற்பது 10 நிமிடம், புண் ஆறுவது 10 நாள்

போன வருடம் சித்திரை வெயிலில் என் பையனுக்கு ஒரே வாரத்தில் நான்கு முறை மூக்கில் ரத்தம் வந்தது. முதல் தடவை மதியச் சாப்பாட்டின்போது. தயிர்சாதத்தில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. அவன் அதை ஊறுகாய்ச் சாறு என்று நினைத்துப் பிசைந்துவிட்டான். அடுத்த சொட்டு புறங்கையில் விழுந்த பிறகுதான் கத்தினான். 7 வயது. அவன் அப்பத்தா ஓடிவந்து, "சில்லு மூக்கு உடைஞ்சிருச்சு, அண்ணாந்து படுடா தங்கம்" என்று அவனைத் திண்ணையில் சாய்த்து, உச்சந்தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. "சூடுதான், வேற ஒண்ணுமில்ல" என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

மறுநாள் காலை பல் துலக்கும்போது மூக்கைச் சிந்தினான், மறுபடியும் ரத்தம். இரண்டு நாள் கழித்துத் தூக்கத்தில் வந்து தலையணை உறை நனைந்தது. நான்காவது தடவை காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரத்தம் நின்னதுக்கு அப்புறம் என்ன செஞ்சீங்க?" நாங்கள் ஒன்றுமே செய்திருக்கவில்லை. நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம். "நின்னது வேறம்மா, ஆறுனது வேற" என்றார்.

அந்த இரண்டுக்கும் நடுவில் மூக்குக்குள் என்ன நடக்கிறது என்று அதன் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள், நின்ற பிறகு வரும் பத்து நாளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மறுபடி மறுபடி ரத்தம் வருவது பெரும்பாலும் அந்தப் பத்து நாளில்தான்.

மூக்குக்குள் எந்த இடம் உடைகிறது

கண்ணாடி முன்னால் நின்று கீழுதட்டை வெளியே மடித்துப் பாருங்கள். உள்பக்கம் ஈரமாக, பளபளவென்று, இளஞ்சிவப்பாக இருக்கும். உற்றுப் பார்த்தால் நூல் மாதிரி ரத்தக்குழாய்களும் தெரியும். மூக்கின் உள்சுவரும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த ஈரமான உள்தோலுக்குச் சளிச்சவ்வு என்று பெயர். வெளித்தோலில் ரத்தக்குழாய்க்கு மேலே பல அடுக்குத் தடிப்பான கவசம் இருக்கிறது. சளிச்சவ்வில் அந்தக் கவசம் மிக மெல்லியது.

ஏன் இப்படி, பாதுகாப்பில்லாத இடத்தில் இவ்வளவு ரத்தக்குழாய்? மூக்கின் வேலை அப்படி. நாம் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்று பத்தாயிரம் லிட்டருக்கு மேல். அது நுரையீரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் உடம்பின் வெப்பத்துக்கு வந்தாக வேண்டும், ஈரமும் ஆக வேண்டும். பழைய செம்பு பாய்லரில் நடுக்குழாயில் இருக்கும் தணல், சுற்றியிருக்கும் தண்ணீரைச் சூடாக்கும் அல்லவா, மூக்கில் அது தலைகீழாக நடக்கிறது: நடுவில் காற்று போகிறது, சுற்றிலும் ஓடும் வெதுவெதுப்பான ரத்தம் அதைச் சூடாக்குகிறது. அதற்கு ரத்தம் மேற்பரப்பை ஒட்டி ஓடினால்தான் முடியும்.

இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அதன் முன்பகுதியில், நுனியிலிருந்து ஒரு விரல் நகம் தூரத்துக்கு உள்ளே, பல தமனிகளின் கிளைகள் வந்து சந்தித்துப் பின்னிக்கொள்கின்றன. பேருந்து நிலையத்துப் பக்கத்து நாற்சந்தி மாதிரியான இடம். 1879-ல் ஜேம்ஸ் லிட்டில் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும், 1884-ல் வில்ஹெல்ம் கீஸெல்பாக் என்ற ஜெர்மானிய மருத்துவரும் இதை விவரித்தார்கள். அதனால் மருத்துவர்கள் இன்றும் இதை லிட்டில் பகுதி என்பார்கள். மூக்கில் ரத்தம் வருவது பத்தில் ஒன்பது தடவை இங்கிருந்துதான். மூக்கைக் குடைகிற விரல் நேராகப் போய் இடிக்கும் இடமும் இதுவே, வறண்ட காற்று முதலில் மோதும் இடமும் இதுவே. சவ்வு காய்ந்து, சிறு வெடிப்பு விட்டு, அதில் ஒரு தும்மலோ நகமோ பட்டால் போதும்.

சுருக்கமாக, பெரும்பாலான மூக்கு ரத்தம் மூளையிலிருந்தும் வருவதில்லை, தலைக்குள் எங்கேயோ இருந்தும் வருவதில்லை. விரலால் அழுத்திப் பிடிக்கக்கூடிய தூரத்தில், நடுச்சுவரின் முன்பகுதியில் இருக்கும் ஒரு சின்னக் கீறலிலிருந்து வருகிறது.

ஏரிக்கரை உடைந்தால் ஊர் என்ன செய்யும்

ஐப்பசி மழையில் ஏரிக்கரை உடைவதைப் பார்த்தவர்களுக்கு உடம்பு செய்யும் வேலை எளிதாகப் புரியும். முதலில் வரத்துக் கால்வாயை அடைப்பார்கள், தண்ணீர் வருவது குறைய வேண்டும். அப்புறம் மணல்மூட்டைகளை உடைப்பில் தள்ளுவார்கள். மூட்டையை மட்டும் போட்டால் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் சவுக்குக் கட்டை அடித்து, குறுக்கே கட்டிப் பின்னல் போடுவார்கள். தண்ணீர் நின்றுவிடும். ஆனால் ஊரில் யாரும் அன்றைக்கே கரை சரியாகிவிட்டது என்று அதன் மேல் வண்டி ஓட்ட மாட்டார்கள். மண் கொட்டி, இறுகவிட்டு, புல் முளைத்து வேர் பிடித்தால்தான் அது கரை.

மூக்கிலும் இதே வரிசைதான்.

குழாய் கிழிந்த அடுத்த நொடியே அதன் சுவரில் இருக்கும் தசை சுருங்குகிறது. துளை சின்னதாகிறது, ரத்தம் வரும் வேகம் குறைகிறது. வரத்துக் கால்வாயை அடைப்பது இதுதான்.

அடுத்து மணல்மூட்டைகள். டெங்கு வந்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பிளேட்லெட் என்ற சொல்லை இங்கே சரியாகப் புரிந்துகொள்ளலாம். தமிழில் தட்டணுக்கள். ரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய துணுக்குகள், முழு செல்கள்கூட இல்லை, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்லிலிருந்து உதிர்ந்தவை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு சொட்டில் சுமார் 50-ல் ஒரு பங்கில், 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். ரத்தம் நிற்பதில் இவற்றின் பங்கை 1882-ல் எடுத்துக்காட்டியவர் ஜூலியோ பிட்ஸொஸெரோ என்ற இத்தாலியர். சாதாரண நேரத்தில் இவை எதிலும் ஒட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும். குழாய் கிழிந்ததும், சுவருக்குள் மறைந்திருந்த கொலாஜன் என்ற நார்ப்புரதம் ரத்தத்தின் பார்வையில் படுகிறது. தட்டணுக்களுக்கு அதுதான் தகவல். ரத்தத்திலேயே இருக்கும் ஒரு பசைப் புரதம் அவற்றைக் கொலாஜனோடு ஒட்டவைக்க, ஒட்டியவை தட்டு போன்ற வடிவம் மாறிக் கைகால் நீட்டினாற்போல் பரந்துகொண்டு, வேதிப்பொருட்களைக் கக்கிப் பக்கத்தில் போகிறவற்றையும் கூப்பிடுகின்றன. சில நொடிகளில் தொடங்கிச் சில நிமிடங்களில் ஒரு அடைப்பு உருவாகிவிடுகிறது.

அந்த அடைப்பு இளகலானது. அதை இறுக்கிக் கட்டும் சவுக்குக் கட்டைப் பின்னலின் பெயர் ஃபைப்ரின். கல்லீரல் செய்து அனுப்பும் உறைபுரதங்கள் ஒன்றையொன்று தட்டியெழுப்ப, கடைசியில் ரத்தத்தில் கரைந்திருந்த புரதம் கரையாத நூலாக மாறி வலை பின்னுகிறது. பால் உறைவதற்கும் ரத்தம் உறைவதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காரணிகள் வேறு என்றாலும், இரண்டிலும் திரவத்தில் கிடந்த புரதம் வலையாகக் கட்டித்தான் திடமாகிறது.

அந்த 10 நிமிடத்தில் ஏன் கையை எடுக்கக் கூடாது

உறை ஊற்றிய பாலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டியால் கிளறிப் பார்த்தால் தயிர் கட்டியாகாது, தண்ணீராகத்தான் இருக்கும். மூக்கை அழுத்திப் பிடித்துவிட்டு "நின்னுடுச்சா?" என்று ஒவ்வொரு நிமிடமும் எடுத்துப் பார்ப்பதும் அதேதான். ஃபைப்ரின் வலை பின்னி முடிவதற்குள் ரத்த ஓட்டம் அதைக் கலைத்துவிடும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம், இடையில் விடாமல் பிடிக்க வேண்டும்.

பிடிக்க வேண்டிய இடம் மூக்கின் மிருதுவான கீழ்ப்பாதி. பலரும் கண்களுக்கு நடுவில் இருக்கும் எலும்பைப் பிடிக்கிறார்கள், அங்கே அழுத்துவதால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் உடைந்த நாற்சந்தி அதற்குக் கீழே இருக்கிறது. உட்கார வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனிய வைத்து, வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள். வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள்.

நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். அண்ணாந்து படுக்க வைத்தால் ரத்தம் நிற்பதில்லை, முன்னால் வழிவது பின்னால் தொண்டைக்குப் போகிறது, அவ்வளவுதான். வெளியே தெரியாததால் நின்றுவிட்டது என்று நம்புகிறோம். விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டும். அன்று மாலை என் பையன் காபித்தூள் கலரில் வாந்தி எடுத்ததற்குக் காரணம் அதுதான் என்று இப்போது தெரிகிறது, அன்றைக்கு நாங்கள் பயந்த பயம் கொஞ்சநஞ்சமில்லை. மறுநாள் மலம் கருப்பாகப் போவதும் இதனால் நடக்கலாம்.

அப்பத்தா ஊற்றிய தண்ணீரில் கெடுதல் இல்லை, பிள்ளைக்குக் கொஞ்சம் ஆசுவாசமாகவும் இருக்கும். ரத்தத்தை நிறுத்தியது தண்ணீர் அல்ல, தட்டணுக்கள்.

நின்ற பிறகு, நாள் நாளாக

இனிமேல்தான் யாரும் சொல்லாத பகுதி.

முதல் நாள், கிழிசலின் மேல் உட்கார்ந்திருப்பது மணல்மூட்டையும் பின்னலும் மட்டும்தான். கரை இன்னும் இல்லை. மூக்கைச் சிந்துவது, குனிந்து கனமான குடத்தைத் தூக்குவது, முக்கி மலம் கழிப்பது, கொதிக்கக் கொதிக்க ரசம் குடிப்பது, ஆவி பிடிப்பது எல்லாமே தலைப்பக்கம் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், இல்லையென்றால் சுருங்கிய குழாயை விரியவைக்கும். அதனால்தான் முதல் 24 மணி நேரம் இவை வேண்டாம் என்கிறார்கள். தும்மல் வந்தால் அடக்க வேண்டாம், வாயைத் திறந்து தும்மினால் காற்றின் அடி மூக்கில் விழாது.

அதே நாளில் வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. முதலில் வருபவை கிருமிகளை விழுங்குகின்றன. இரண்டு மூன்று நாளில் பெரிய வகை வெள்ளை அணுக்கள் வந்து இறந்த செல்களையும் குப்பையையும் அள்ளுகின்றன. இவை வெறும் துப்புரவுப் பணியாளர்கள் இல்லை, மேஸ்திரிகளும்கூட. எங்கே புதிய குழாய் வேண்டும், எங்கே நார் போட வேண்டும் என்று வேதிச்செய்தி அனுப்புபவை இவைதான். இந்தக் கட்டத்தில் அந்த இடம் லேசாக வீங்கியிருக்கும், ஒரு பக்கம் அடைத்தது போல இருக்கும், அரிக்கவும் செய்யும். பிள்ளைகள் மூக்கை நோண்டுவது இப்போதுதான், அவர்களைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை, உண்மையிலேயே அரிக்கிறது.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை கட்டுமானம். கிழிசலின் ஓரங்களில் இருக்கும் சவ்வு செல்கள் பிளந்து பெருகி, பொருக்குக்கு அடியில் ஈரமான தரையில் ஊர்ந்து நடுவை நோக்கி வருகின்றன. கீழே புதிய ரத்தக்குழாய்கள் மொட்டு விடுகின்றன. இந்தப் புதுக் குழாய்கள் தளிர் மாதிரி, சுவர் மிக மெலிசு, இன்னும் வலுவான நார் சுற்றவில்லை. அதனால்தான் "நாலு நாள் நல்லா இருந்துச்சே, திடீர்னு எப்படி வந்துச்சு" என்று குழம்புகிறோம். காயம் ஆறிக்கொண்டிருந்ததால்தான் அங்கே தளிர்க்குழாய்கள் இருந்தன, பொருக்கைப் பிய்த்தபோது அவையும் சேர்ந்து பிய்ந்தன.

இதற்கிடையில் பழைய அடைப்பை உடம்பே கரைக்கவும் செய்கிறது. கரை எழுந்த பிறகு மணல்மூட்டையை எடுக்க வேண்டும் அல்லவா. ஃபைப்ரின் வலையை வெட்டும் நொதி ரத்தத்தில் இருக்கிறது, மூக்கின் சவ்வில் இந்தக் கரைப்பு வேலை சுறுசுறுப்பாக நடக்கும். சில நேரம் கரை எழும்புவதற்கு முன்பே மூட்டை கரைந்துவிடும். மருத்துவமனையில் சிலருக்கு டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுப்பது இந்தக் கரைப்பை மெதுவாக்கத்தான்.

7 முதல் 14 நாளுக்குள் மேற்பரப்பு மூடிவிடும், பொருக்கு தானாகவே கழன்று, சளியோடு பழுப்புத் துணுக்காக வந்துவிடும். அந்தப் பழுப்பு நிறச் சளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பழைய ரத்தம். அதற்குப் பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. மூக்கின் உள்சவ்வில் பெரும்பகுதி செல்களின் மேல் நுண்ணிய மயிரிழைகள் உண்டு, நாற்று வயலில் காற்று அடித்தாற்போல் அவை ஒரே திசையில் அசைந்து சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளும். புதிதாக மூடிய தோலில் இந்த இழைகள் மறுபடி முளைக்க வாரங்கள் ஆகும். அதுவரை அந்த இடத்தில் சளி தேங்கிக் காய்ந்து பொருக்கு சேரும், பொருக்கு விரலைக் கூப்பிடும்.

ஆக, 10 நிமிடத்தில் நின்றது அடைப்பினால். ஒன்றிரண்டு வாரத்தில் மூடுவது புதுச் சவ்வினால். நடுவில் இருப்பது தற்காலிக ஏற்பாடு.

பொருக்கும் ஈரமும்

முழங்காலில் சிராய்த்தால் காயவிடச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பக்குக் கட்டினால் ஆறிவிட்டது என்போம். 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைக் காற்றில் காயவிட்டார், சிலவற்றை ஈரம் போகாதபடி மெல்லிய உறையால் மூடினார். ஈரமாக இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது. காரணம் எளிது: ஊர்ந்து வரும் செல்களுக்கு ஈரமான தரை வேண்டும். காய்ந்து இறுகிய பொருக்கு இருந்தால், அதற்குக் கீழே ஈரம் கிடைக்கும் ஆழம் வரை குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது.

மூக்கில் இது இன்னும் முக்கியம். நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை காற்று உரசிக்கொண்டு போகும் காயம் உடம்பில் வேறு எங்கே இருக்கிறது? அதனால் எங்கள் டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை ஒரு நாளில் சில முறை விடுவது, காலையும் இரவும் ஒரு மிளகு அளவு வாசலினை மூக்குத் துவாரத்தின் வாசலில் தடவி வெளியிலிருந்து மெல்ல அமுக்கிவிடுவது. பஞ்சுக்குச்சியை உள்ளே விடக் கூடாது, அதுவே உரசும். பொருக்கைப் பிடுங்கக் கூடாது, ஊறினால் அது தானே வரும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். இரண்டு வாரம் இதைச் செய்தோம்.

சிலர் எண்ணெயை மூக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள், கைக்குழந்தைகளுக்கும்கூட. தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் நழுவி நுரையீரலுக்குள் போனால் அங்கிருந்து எளிதில் வெளியேறாது, நிமோனியா வரை கொண்டுபோய் விடும். காரமான தைலங்களையும் மூக்குக்குள் தடவக் கூடாது, ஆறிக்கொண்டிருக்கும் சவ்வை அவை எரிச்சலாக்கும்.

சூடு, கெட்ட ரத்தம், பிரஷர்

"உடம்புச் சூடு" என்று சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கோடையில் மூக்கு ரத்தம் அதிகம் வருகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் கவனித்தது பொய்யில்லை. உள்ளே சூடு ஏறியதால் என்பதைவிட, வெளிக்காற்று வறண்டதால் என்பது சரி. ஏசி அறையிலும் இதே வறட்சிதான், அங்கே சூடே இல்லை. சளி, ஒவ்வாமைத் தும்மல், அடிக்கடி மூக்குச் சிந்துவது இவையும் சேர்ந்துகொள்ளும்.

"கெட்ட ரத்தம் போகட்டும், விடு" என்பதில் பாதி உண்மைகூட இல்லை. மூக்கில் வருவது கையில் ஊசி குத்தினால் வரும் அதே ரத்தம்.

பிரஷர் விஷயம் கொஞ்சம் சிக்கல். மூக்கில் ரத்தம் வரும்போது அளந்தால் பெரியவர்கள் பலருக்கும் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும், பயத்திலேயே ஏறியிருக்கும். குழாயைக் கிழித்தது பிரஷர்தான் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் அழுத்தம் அதிகமாக இருந்தால் ரத்தம் நிற்பது கடினம், அடைப்பு பிய்ந்துபோகவும் வாய்ப்பு அதிகம். எனவே ஒருமுறை அடங்கிய பிறகு நிதானமாக அளந்து பார்ப்பது நல்லது.

ஆறவிடாமல் தடுப்பவை

எல்லா மணல்மூட்டையும் ஒரே தரத்தில் இருக்காது. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களின் தட்டணுக்கள் அந்த மாத்திரையால் ஒட்டும் திறனை இழந்துவிடும், அவை சாகும்வரை அப்படித்தான். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள் என்பதால், புதியவை வந்து நிரம்ப அவ்வளவு நாள் ஆகும். வார்ஃபரின் போன்றவை வேறு இடத்தில், உறைபுரத வரிசையில் கை வைக்கின்றன. இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வரக்கூடிய மாரடைப்பும் பக்கவாதமும் மூக்கு ரத்தத்தைவிடப் பல மடங்கு ஆபத்து.

மேலே பசைப் புரதம் என்று சொன்னேனே, அது பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களும் உண்டு. 1926-ல் எரிக் ஃபான் வில்லிபிராண்ட் என்ற ஃபின்லாந்து மருத்துவர், தீவு ஒன்றில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். 5 வயதுச் சிறுமிக்கும் அவள் உறவுக்காரர்கள் பலருக்கும் அடிக்கடி ரத்தக்கசிவு, அதில் மூக்கு ரத்தம் முக்கியமானது. இன்று அந்தக் குறைபாட்டுக்கு அவர் பெயர்தான், பரம்பரை ரத்தக்கசிவுக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவதும் அதுவே. நம் வீடுகளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: பிள்ளைக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம், அம்மாவுக்கோ அத்தைக்கோ மாதவிடாயில் அளவுக்கு மீறிய போக்கு, யாருக்கோ பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கவே இல்லை, இந்த மூன்றும் ஒரே குடும்பத்தில் இருந்தால் டாக்டரிடம் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டே எத்தனையோ வருடம் ரத்தசோகையோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் வந்தால் கதையே வேறு. டெங்குவில் மூக்கு, ஈறு ஆகியவற்றிலிருந்து ரத்தம் வருவது எச்சரிக்கை அறிகுறி. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதியாகும் நாட்களில்தான் ஆபத்து கூடும். ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபெனோ கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதேபோல, சரியாக அழுத்திப் பிடித்தும் அரை மணி நேரத்தில் நிற்காதது, தலையில் அடிபட்ட பிறகு வருவது, மயக்கம் வருவது, முன்னால் வராமல் தொண்டைக்குள் ஓடிக்கொண்டே இருப்பது, இவையெல்லாம் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை இல்லை. வயதானவர்களுக்கு மூக்கின் பின்பகுதியில் இருக்கும் பெரிய குழாயிலிருந்து வரலாம், அதை விரலால் எட்டிப் பிடிக்கவே முடியாது. 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வந்தாலும் காட்டிவிட வேண்டும். பிள்ளைக்கு ஒரே பக்கத்தில் நாற்றத்தோடு வந்தால் உள்ளே எதையாவது போட்டுக்கொண்டிருக்கலாம். அது பொம்மையின் பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே சவ்வை அரித்துவிடும், அன்றைக்கே எடுக்க வேண்டும்.

மருந்து வைத்துச் சுட்டால்

திரும்பத் திரும்ப ஒரே குழாய் உடைந்தால் டாக்டர்கள் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சில்வர் நைட்ரேட் தடவிய குச்சியால் தொட்டுச் சுடுவார்கள். தொட்ட இடம் சாம்பல் வெள்ளையாகும், குழாய் மூடிக்கொள்ளும். இதுவும் ஒரு காயம்தான் என்பதை மறக்க வேண்டாம். மேலே சொன்ன அதே பொருக்கு, அதே அரிப்பு, அதே ஒன்றிரண்டு வாரம், அதே வாசலின்.

"சுட வேண்டி வந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே சுட்டுவிடலாமே, இரண்டு தடவை அலைய வேண்டாம்" என்று நான் கேட்டேன். டாக்டர் சொன்ன காரணம் மனதில் நின்றது. நடுச்சுவருக்குள் இருப்பது குருத்தெலும்பு, அதற்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சவ்வுதான் அதற்குச் சோறு போடுகிறது. எதிரெதிரே ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் சுட்டால், நடுவில் இருப்பது பட்டினி கிடந்து செத்து, சுவரில் ஓட்டை விழலாம். அதனால் ஒரு பக்கம் ஆறிய பிறகே மறுபக்கம். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, வாசலினோடு முடிந்தது.

போன ரத்தம் எப்போது திரும்பும்

ஒரு டீஸ்பூன் பீட்ரூட் சாற்றை வெள்ளைக் கைக்குட்டையில் ஊற்றிப் பாருங்கள். 5 மில்லிதான், ஆனால் பெரிய விபத்து நடந்தது போலத் தெரியும். 20 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் இருக்கிறது, வழக்கமான மூக்கு ரத்தத்தில் போவது சில டீஸ்பூன். போன திரவத்தை உடம்பு ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். சிவப்பணுக்களை எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்தாக வேண்டும். ரத்த தானம் செய்தவருக்கே அது நான்கு முதல் ஆறு வாரத்தில் நடந்துவிடுகிறது, இந்தச் சில டீஸ்பூன் ஒரு கணக்கே இல்லை.

மாதக்கணக்கில் அடிக்கடி வந்துகொண்டிருந்தால்தான் கணக்கு ஏறும். சிவப்பணு செய்ய இரும்பு வேண்டும், கையிருப்பு கரைந்தால் பிள்ளை வெளுத்து, சோர்ந்து, படி ஏறினால் மூச்சு வாங்கும். அப்போது நம் ஊரில் முதலில் கொடுப்பது பீட்ரூட். அதில் இரும்பு குறைவு, சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. ஆட்டு ஈரல், மீன், கீரை, பயறு இவற்றில் இருக்கிறது. கீரை, பயறிலிருக்கும் இரும்பைக் குடல் நன்றாக உறிஞ்ச எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்க வேண்டும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்த உறிஞ்சல் குறையும். அன்று என் பையனுக்கு ஹீமோகுளோபின் 11.8 இருந்ததால் டாக்டர் இரும்பு மாத்திரை எழுதவில்லை. அப்பத்தாவிடம் பயறும் நெல்லிக்காயும் சொன்னார், எனக்கு, அவன் என் டம்ளரிலிருந்து குடிக்கும் காலை டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னார்.